ஊரே இல்லை.. ஆனா 2 எம்.பி.க்கள்! பிரிட்டனை அதிரவைத்த 'ஓல்டு சேரம்' தொகுதியின் கதை

குடியிருக்க ஒரு வாக்காளர்கூட இல்லாத இடத்துக்கு நாடாளுமன்றத்தில் 2 எம்.பி.க்கள் இருந்தால் எப்படி இருக்கும்? இங்கிலாந்தில் 1832 வரை இது நிஜமாகவே நடந்தது.

ஓல்டு சேரம் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் வில்ட்ஷைர் பகுதியில், ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்தில் உள்ள மேடு இது. ஒரு காலத்தில் இங்கே கோட்டையும் பெரிய தேவாலயமும் இருந்தன. தண்ணீர் தட்டுப்பாடு, கோட்டை வீரர்களோடு பாதிரியார்களுக்குத் தகராறு எனப் பல சிக்கல்கள். 1220ல் சுமார் 3 கி.மீ. தள்ளி புதிய தேவாலயம் கட்ட ஆரம்பித்தார்கள். மக்களும் மெல்ல அங்கேயே போய்விட்டார்கள். அதுதான் இன்றைய சாலிஸ்பரி.

ஆள் இல்லாமல் ஓட்டு எப்படி?

ஊர் காலியானாலும் எம்.பி. பதவிகள் அப்படியே இருந்தன. இங்கே ஓட்டு மனிதருக்கு அல்ல, மனைக்கு! மொத்த மனைகளும் யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்பவரே எம்.பி. தேர்தல் வந்தால் நம்பிக்கையான சிலர் பெயரில் மனைகளை எழுதிவைத்தால் போதும். 1831ல் இருந்த 11 வாக்காளர்களில் ஒருவர்கூட அங்கே வசிக்கவில்லை.

மெட்ராஸுக்கு என்ன தொடர்பு?

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தொகுதியை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை மெட்ராஸ் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர். இங்கே அவர் வாங்கிய வைரம், இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735ல் முதன்முதலில் எம்.பி. ஆனது இதே ஓல்டு சேரத்தில்தான். பின்னாளில் அவர் பிரதமரும் ஆனார்! 1802ல் இந்த இடம் 60,000 பவுண்டுக்குக் கைமாறியது. நிலத்துக்கு அவ்வளவு மதிப்பு கிடையாது. விலை எம்.பி. சீட்டுகளுக்குத்தான்.

முடிவுக்கு வந்தது எப்படி?

அதே காலத்தில், லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஒரு எம்.பி.கூட இல்லை. இப்படிப்பட்ட தொகுதிகளை 'அழுகிப்போன தொகுதிகள்' என்றே மக்கள் திட்டினார்கள். 1785ல் பிரதமராக இருந்த இளைய வில்லியம் பிட், 36 தொகுதிகளை ஒழிக்கக் கொண்டுவந்த மசோதா தோற்றுப்போனது. 1831ல் பிரபுக்கள் சபை சீர்திருத்த மசோதாவை நிராகரித்ததும் பிரிஸ்டல், நாட்டிங்ஹாம் நகரங்களில் கலவரம் வெடித்தது.

கடைசியில் 1832ல் சட்டம் நிறைவேறியது. ஓல்டு சேரம் உட்பட 56 தொகுதிகள் ஒழிக்கப்பட்டன. மான்செஸ்டருக்கு 2 எம்.பி.க்கள் கிடைத்தார்கள். ஆனாலும் பெண்களுக்கும், பெரும்பாலான தொழிலாளர்களுக்கும் அப்போது ஓட்டுரிமை கிடைக்கவில்லை. அதற்கு இன்னும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.