கடற்கரைச் சிறாரும் காக்கும் சட்டமும்

சிலாபத்திற்கு வடக்கே, முந்தல் களப்பிற்கும் பெருங்கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மணற்றிட்டிலே அமைந்த பழம்பதி உடப்பு. திரௌபதை அம்மன் கோயிலும் அங்கு நிகழும் தீமிதிப்பும் அவ்வூரின் பெயரை நாடறியச் செய்தன. இராமேசுவரக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தோரே தம் முன்னோர் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

விடியற்பொழுதில் உடப்புக் கரையிலே கரைவலை இழுக்கும் காட்சி காணத்தக்கது. தோணியிற் சென்று வளைத்துவிட்ட வலையின் இரு கயிறுகளையும் இரண்டு வரிசையாக நின்று ஆடவர் இழுப்பர். அவர்தம் கைகளை ஒன்றுசேர்ப்பது அம்பாப் பாட்டு. வலையின் மடி கரையை அணுகும் வேளையில் சிறுவர் ஓடிவருவர், கயிற்றைச் சுருட்டுவர், சிதறிய மீனைப் பொறுக்குவர், பின்னர் பள்ளிக்கூட மணி அழைக்க வீடு திரும்புவர். தந்தையின் தொழிலைத் தந்தையின் கண்முன்னே பழகும் பிள்ளையைக் கண்டு எவரும் இரங்குவதில்லை.

ஆயின், மேற்குக் கரையோரத்து வரலாற்றிலே இன்னொரு காட்சியும் உண்டு. ஊர் இல்லாத தொலைவான கரைகளிலும் தீவுகளிலும் மீன்பிடிப்போர் பருவத்திற்குப் பருவம் ஓலைக் கொட்டில்களை அமைத்துத் தங்குவர். அவற்றுக்கு வாடி என்று பெயர். அத்தகைய வாடிகள் சிலவற்றில் உள்நாட்டு ஏழைக் குடும்பங்களின் சிறுவர்கள் கொண்டுவந்து வைக்கப்பட்டு, கூலியின்றி வேலை வாங்கப்பட்டனர் என்ற செய்தி கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலே வெளிவந்து நாட்டை நாணச் செய்தது. அச்சிறுவர் இழுத்ததும் வலைக்கயிறுதான். அவர்கள் நின்றதும் அதே கடலோரம்தான். அவ்வாறாயின் இவ்விரு காட்சிகளையும் பிரிக்கும் கோடு யாது?

வேலையின் கடுமை மட்டுமன்று. கூலியின் குறைவு மட்டுமன்று. பிள்ளை யார் கையில் இருக்கிறது, அது வீடு திரும்புவதற்கு வழி இருக்கிறதா, அதனைத் தேடி வருவார் உளரா என்பனவே அக்கோடு. இதனைச் சட்டத்திலே தெளிவாக எழுதுவதற்கு இந்நாட்டுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

உடப்பு மக்களின் முன்னோர் கடந்து வந்ததாகச் சொல்லப்படும் அதே கடலிலே, பதினேழாம் நூற்றாண்டில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதரும் கொண்டுவரப்பட்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் போரும் பஞ்சமும் ஒருங்கே வாட்டின. பசியாற் துடித்தோர் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். நாகபட்டினம் முதலிய துறைமுகங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒல்லாந்தக் கம்பெனியின் கப்பல்களில் ஏற்றப்பட்டு, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாக அனுப்பப்பட்டனர். பிள்ளையை விற்ற தாய் கொடியவள் அல்லள். எங்கேனும் உயிரோடு இருக்கட்டும் என்று எண்ணியே அவள் கையை விட்டாள். வாங்கியவனோ அந்தப் பசியையே வாணிகமாக்கினான். காலம் மாறினும் இவ்வமைப்பு மாறவில்லை என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அடிமைமுறைக்கு எதிராக எடுக்கப்பட்ட முதல் அடிகள் குழந்தைகளை முன்னிட்டே எடுக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. பிரதம நீதியரசராக விளங்கிய சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன் அவர்களின் முயற்சியால், 1816ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் தொடக்கம் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் யாவரும் சுதந்திரர் என அடிமை உடையோர் பலர் உடன்பட்டனர். 1821இல் வட பகுதியிலே, அடிமைக் குடும்பங்களிற் பிறக்கும் பெண்மகவை அரசாங்கமே ஈடு கொடுத்து விடுவிக்கும் ஒழுங்கு செய்யப்பட்டது. தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்பது அக்காலத்து வழக்காதலின், ஒரு பெண்மகவு விடுதலை பெற்றால் அவள் வழித்தோன்றல்கள் யாவரும் விடுதலை பெறுவர். இறுதியாக 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடிமைமுறையை இலங்கை முழுவதும் ஒழித்தது.

அடிமை என்ற சொல் ஏட்டிலிருந்து மறைந்தது. பிள்ளையைப் பிறர் கையில் ஒப்படைக்கும் வழக்கமோ மறையவில்லை. வறியவர் வீட்டுச் சிறுமி வசதியுள்ளவர் வீட்டுக்கு "வளர்ப்புப் பிள்ளை" என்ற பெயரோடு சென்றாள். சில வீடுகளில் அவள் மகளாகவே வளர்ந்தாள் என்பதும் உண்மையே. வேறு சில வீடுகளில் விடியுமுன் எழுந்து, எல்லோரும் உறங்கிய பின் உறங்கும் வேலைக்காரியாக வளர்ந்தாள். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. ஆதலாற்றான் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம், முறைப்படி மகவேற்பதற்கு வழி வகுத்ததோடு நில்லாது, பிறர் பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் தம்மைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் விதித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1939இலே, சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் நிறைவேறியிருந்தது.

சட்டத்தினும் வலிய காவல் ஒன்று 1945இல் வந்தது. கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிடைத்தது. கரையோரத்து வலைஞன் மகனுக்கும் கொழும்பு நகரத்துச் செல்வன் மகனுக்கும் ஒரே படிப்பு என்ற நிலைக்கு அடிகோலப்பட்டது. ஆயினும் கதவைத் திறந்து வைப்பது வேறு. பிள்ளையை உள்ளே வரச் செய்வது வேறு. ஐந்து முதல் பதினான்கு வயது வரை பள்ளி வரவைக் கட்டாயமாக்கும் ஒழுங்கு விதிகள் நடைமுறைக்கு வந்தது 1998ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகள் அத்திறந்த கதவைக் கடந்து வாடிக்கும் அடுக்களைக்கும் சென்றனர்.

1956ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் மற்றொரு படி. அவ்வாண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் ஆகியோரைத் தொழிலில் அமர்த்துவதற்கு வரம்பு கட்டியது. அதே ஆண்டு ஜெனீவாவிலே ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒருவரை அவருடைய உழைப்பைச் சுரண்டும் நோக்கோடு பெற்றோரோ காப்பாளரோ பிறரிடம் ஒப்படைப்பது, பணம் பெற்றாயினும் பெறாமலாயினும், அடிமைமுறையை ஒத்தது என அது கூறியது. தஞ்சைத் தாய் கையை விட்ட அந்தக் கணத்தை உலகச் சட்டம் ஈற்றில் பெயர் சொல்லி அழைத்தது.

1991இல் இலங்கை, சிறுவர் உரிமைகள் பற்றிய உலக உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தி, ஆட்களைக் கடத்தி வாணிகம் செய்வதையும் சிறுவர் மீதான கொடுமையையும் தனிக் குற்றங்களாக்கியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை தோன்றியது. பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா அதன் முதல் தலைவராயினார். 2006ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கடன் பிணையால் வேலை வாங்குவதையும், நாட்டின் நெடும்போரில் நேர்ந்தது போலச் சிறுவரைப் போருக்குச் சேர்ப்பதையும் குற்றம் என விதித்தது. ஆட்கடத்தலைத் தடுக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் விதிமுறை ஏட்டை இலங்கை 2015இல் உறுதி செய்தது. அவ்வேட்டின்படி, சுரண்டும் நோக்கோடு ஒரு பிள்ளையைத் திரட்டி வேறிடம் கொண்டுசெல்வதே கடத்தலாகும்; பலவந்தமோ வஞ்சகமோ நிகழ்ந்ததென நிறுவ வேண்டியதில்லை. பிள்ளையின் சம்மதம் குற்றவாளிக்குக் கேடயம் ஆகாது.

இடையிலே கடலும் ஒரு பாடம் புகட்டியது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடல்கோள் எண்ணற்ற பிள்ளைகளைத் தாய் தந்தையரற்றோர் ஆக்கியது. பிள்ளைகள் இரக்கத்தின் பெயரால் கைமாறிப் போய்விடுவர் என்று அஞ்சிய அரசினர், அவர்களை மகவேற்பதை உடனடியாகத் தடைசெய்து, 2005இல் சிறப்புச் சட்டம் ஒன்றும் இயற்றினர். துயர் மிகுந்த வேளையே தரகனுக்கு நல்ல வேளை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஏட்டுச் சட்டம் இவ்வளவு வளர்ந்தும் போதவில்லை என்பதற்கு மூதூர்ப் பெண் றிசானா நபீக்கின் கதை சான்று. பிறப்புப் பதிவின்படி 1988இற் பிறந்த அப்பெண், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டாள். சென்ற சில கிழமைகளிலே அவள் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் நாள் அவள் தலை துண்டிக்கப்பட்டது. தாளொன்றில் மாற்றப்பட்ட ஆண்டுக்கணக்கு, பள்ளிப் பருவத்துப் பெண்ணைக் கடல் கடக்கச் செய்தது.

உள்நாட்டிலும் அவ்வாறே. வேலைக்கமர்த்தும் குறைந்த வயது பதினான்கிலிருந்து பதினாறாக 2021 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலையிலே, கொழும்பில் வீட்டு வேலைக்கு விடப்பட்டிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு உயிர் துறந்தாள். பதினாறு வயது நிறையுமுன்னரே அவ்வேலைக்கு வந்தவள் அவள். வறுமை அவளை அனுப்பியது, தடுத்துக் கேட்பாரில்லை.

ஆகவே, காவலின் முதற்படி கொழும்பிலுள்ள அலுவலகத்தில் இல்லை, ஊரிலே இருக்கிறது. உடப்புப் போன்ற ஓர் ஊரிலே எந்த வீட்டுப் பிள்ளை யாருடன் எங்கு சென்றது என்பதை எல்லோரும் அறிவர். ஆசிரியர் அறிவார், கிராம அலுவலர் அறிவார், கோயில் முற்றத்திற் கூடும் முதியோர் அறிவர். முற்பணம் கொடுத்துப் பிள்ளையைக் கேட்டு வரும் அந்நியனை அவர்கள் வினவலாம். பிறப்புச் சான்றிதழை நன்கு பேணுமாறு தாய்மாருக்குச் சொல்லலாம். ஐயம் தோன்றின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்திலே அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். அதற்குக் கட்டணமில்லை.

இவையனைத்தினும் எளிய காவல் பள்ளிக்கூடத்து வரவு இடாப்பு. 2016இலே கட்டாயக் கல்வியின் எல்லை பதினாறு வயது வரை நீட்டப்பட்டதனால் அதன் வலிமையும் கூடியுள்ளது. ஒரு பெயருக்கு நேரே மூன்று நாள் வரவில்லை என்று குறிக்கப்பட்டால், நான்காம் நாள் ஒருவர் அவ்வீட்டு வாசலிற் சென்று நிற்க வேண்டும். "பிள்ளை எங்கே?" என்று கேட்க வேண்டும். தஞ்சைப் பஞ்சத்திலே அக்கேள்வியைக் கேட்பார் இருந்ததில்லை. வாடிகளிலே வருந்திய சிறுவர்க்கும் இருந்ததில்லை. உடப்புக் கரையிலே விடியலில் வலை இழுக்க ஓடிவரும் பிள்ளைக்கு அக்கேள்வியைக் கேட்க ஊரே இருக்கிறது. மற்றைய பிள்ளைகளுக்கும் அத்தகையதோர் ஊரை உண்டாக்குவதே எஞ்சியுள்ள பணியாகும்.