கட்டுமரம், கட்டடம், கெட்டுவள்ளம்

ஆம்ஸ்டர்டாம் நகரின் ஐபர்க் பகுதியில் தண்ணீரில் மிதக்கும் வீடுகள் இருக்கின்றன. பட்டறையில் செய்து, நீர்வழியாக இழுத்து வந்து நிறுத்திய வீடுகள். அடியில் கான்கிரீட் தொட்டி, மேலே லேசான சட்டகம். பாகங்களை ஓரிடத்தில் தயார் செய்து வேறிடத்தில் கொண்டு போய் நிறுத்தும் இந்த முறைக்கு 'ப்ரீஃபேப்' என்று பெயர். ஏதோ புது சங்கதி மாதிரி தெரிகிறது இல்லையா? செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை, செதுக்கி வைத்த மரங்களைத் தினமும் கட்டி, தினமும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு சொல். கயிற்றால் கட்டுகிறோம், வீட்டையும் 'கட்டு'கிறோம். சிமென்ட் வந்த பிறகும் நாம் வீட்டைக் கட்டத்தான் செய்கிறோம். பனங்கை, மூங்கில், வரிச்சு, கீற்று என்று எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிய வீட்டின் ஞாபகம் அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமா? மாமல்லபுரத்துக்குப் போங்கள். 7-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்த ஐந்து ரதங்களில் திரௌபதி ரதம் அச்சு அசலாக ஒரு கூரைக் குடிசை. பீம ரதத்தின் நீண்ட வளைகூரையோ, வளைத்த மரச்சட்டங்களின் மேல் வேய்ந்த கூரையின் கல் நகல். கல்லுக்கு அந்த வளைவு தேவையே இல்லை. மரத்தில் செய்து பழகிய கண் கல்லிலும் அதையே தேடியிருக்கிறது! மகேந்திரவர்மன் தன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததைச் சொல்லிக்கொள்கிறான். அது சொல்லிக்கொள்ளும் விஷயமாக இருந்தால், அதற்கு முன் மற்றவர்கள் எதை வைத்துக் கட்டினார்கள் என்று தெரிகிறதுதானே?

ஊருக்குள் கட்டும் முறை மாறிவிட்டது. கடலில் மாறவில்லை.

கட்டுமரத்துக்கு ஆணி கிடையாது. லேசான மரமாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் செதுக்குவார்கள். நடுமரம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், ஓரத்து மரங்கள் உயர்ந்திருக்கும். அணியத்துப் பக்கம் கூர்மையாக மேலே வளைந்திருக்கும். எந்த மரம் எந்த இடத்துக்கு என்பது முன்பே முடிவானது. மாற்றிப் போட முடியாது. முன்னாலும் பின்னாலும் கயிறு போட்டு இறுக்கினால் படகு தயார். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை மணலில் காயப் போட்டுவிடுவார்கள். ஏனென்றால் மரம் தண்ணீர் குடிக்கும், குடித்தால் கனக்கும். காய்ந்தால்தான் மறுநாள் மிதப்பு. பிரிப்பது இங்கே பராமரிப்பு!

இன்னொன்று, இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கரையோரத்தில் அலை மடிந்து மடிந்து உடையும். கட்டுமரத்தின் மேல் விழுந்த தண்ணீர் மர இடுக்கு வழியே இறங்கிவிடும், அதனால் அது நிரம்பி மூழ்காது. அதே அலைக்குப் பதிலாகத்தான் மசூலா படகும் வந்தது. பலகைகளைக் கயிற்றால் தைத்து, உள்ளே விலாச் சட்டமே இல்லாமல் செய்தது. மணலில் மோதினால் உடையாமல் நெளியும். 19-ஆம் நூற்றாண்டில் சென்னையில் துறைமுகம் எழும்பும் வரை, கப்பலில் வந்த துரைமார்களும் அதில் நனைந்துதான் கரையேறினார்கள்.

சரி, இதில் வீடு எங்கே? கட்டுமரத்தில் யாரும் குடியிருக்கவில்லை. வீடு மேற்குக் கரையில் இருக்கிறது. கேரளத்தின் கெட்டுவள்ளமும் கயிற்றால் பலகை தைத்த படகுதான். மலையாளத்துக் 'கெட்டு' நம் 'கட்டு'. காயலில் நெல் ஏற்றிப் போன அது, சாலையும் லாரியும் வந்ததும் வேலையிழந்தது. 1990-களின் தொடக்கத்தில் அதன் மேல் மூங்கில் சட்டமும் பாய்க்கூரையும் ஏற்றி, படுக்கையறை வைத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். இப்போது ஆலப்புழை என்றாலே அதுதான்.

கிழக்குக் கரையின் கட்டுமரத்துக்கு அப்படி இரண்டாம் பிழைப்பு அமையவில்லை. அதன் பெயர் மட்டும் உலகம் சுற்றியது. வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். 1876-இல் அமெரிக்காவின் ஹெர்ரெஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்மரப் படகைப் பந்தயத்தில் ஓட்டி ஜெயித்தார். அந்த வகைக்கும் 'கேட்டமரான்' என்றே பெயர் நிலைத்தது. அதற்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவு குறைவு.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி கட்டுமரங்களை அடித்துப் போனது. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். சில இடங்களில் தேவைக்கு மேல் வந்து சேர்ந்ததாக மீன்வளத் துறையைக் கவனித்தவர்களே எழுதினார்கள். மீனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஃபைபரைக் காயப்போட வேண்டாம், இன்ஜின் மாட்டலாம், தூரம் போகலாம். பெரிய அடிமரம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. ஆனால் கட்டுமரத்தில் ஒரு துண்டு உளுத்தால் அதை மட்டும் மாற்றலாம், கயிறும் உளியும் போதும். ஃபைபர் விரிந்தால் பிசின் வாங்க வேண்டும், காசு வேண்டும். அதுவும் முடியாதபோது படகு முழுசாக மணலில் கிடக்கும். அதை அவிழ்த்துப் பிரிக்க வழியில்லை.