கிருமியின் சர்க்கரைக் கணக்கு

ஸெட்ஸீ ஈயின் கடியோடு மனித ரத்தத்தில் புகுந்து, முதலில் சுரமாகத் தோன்றி, பிறகு மூளையைப் பற்றி, சிகிச்சை இல்லாவிடில் பெரும்பாலும் மரணத்திலேயே முடியும் ஆப்பிரிக்க உறக்க நோய்க்கு, அதன் முற்றிய நிலையில், 1949 முதல் பல பத்தாண்டுகள் பிரதான மருந்தாக இருந்தது ஆர்ஸெனிக் சேர்ந்த மெலார்ஸோப்ரால். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் மருந்தின் விஷத்தினாலேயே மாண்டார் என்பதை எண்ணும்போது, மனிதனை விட்டுக் கிருமியை மட்டும் தாக்கும் மார்க்கத்தைத் தேடியவர்களின் தவிப்பு நன்றாக விளங்கும்.

ரத்தத்தில் வாழும் பருவத்தில் டிரிபனோஸோமா புரூஸி என்ற அந்த ஓரணு ஜீவன், சக்திக்குக் குளுக்கோஸ் ஒன்றையே நம்பி, அதைப் படிப்படியாகச் சிதைத்து, பைருவேட்டாக்கி வெளியே தள்ளுகிறது. இந்தச் சிதைவின் முதல் ஏழு நொதிகள் கிளைகோஸோம் என்னும் தனி அறைக்குள் அடைபட்டிருப்பதை ஓப்பர்டூஸும் போர்ஸ்ட்டும் 1977-இல் வெளியிட்டார்கள். பாதையை மறித்தால் கிருமி பட்டினியால் சாகும். எந்தப் படியில் மறிப்பது என்பதே கேள்வி. ஹெக்ஸோகைனேஸ், பாஸ்போபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ் ஆகிய மூன்றுமே பாதையின் வேகத்தை ஆளுகின்றன என்று பாடநூல்கள் நெடுங்காலம் போதித்து வந்தன.

இந்த அபிப்பிராயத்தின் வேரை அசைத்தவர்கள், 1973-இல் எடின்பரோவில் காக்ஸரும் பர்ன்ஸும், மறு ஆண்டில் பெர்லினில் ஹைன்ரிக்கும் ராப்பபோர்ட்டும். ஆதிக்கம் ஒரே நொதியிடம் குவிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, அது பலவற்றிடையே பங்கிடப்பட்டிருக்கலாம், அந்தப் பங்குகளை எண்ணால் அளக்கவும் முடியும் என்று அவர்கள் கணித முறையில் நிறுவினார்கள்.

1997-இல் பார்பரா பாக்கரும், வெஸ்டர்ஹோஃப், ஓப்பர்டூஸ் முதலிய அவருடைய சகாக்களும், பரிசோதனைச் சாலைகளில் அளந்து வைத்திருந்த நொதிகளின் குணங்களைச் சமன்பாடுகளாக இணைத்து, இக்கிருமியின் சர்க்கரைப் பாதை முழுவதையும் கணிப்பொறியில் நிர்மாணித்தார்கள். கணக்கு காட்டிய விடை விசித்திரமானது: மேற்சொன்ன மூன்று நொதிகளும் தேவைக்கு மிஞ்சியே இருந்தன, ஆதிக்கத்தின் பெரும்பங்கு, வெளியிலுள்ள குளுக்கோஸைச் சவ்வின் வழியே உள்ளே கொண்டுவரும் புரதத்திடம் இருந்தது. அகலமாக வெட்டிய வாய்க்காலைச் சற்றுக் குறுக்கினாலும் பாய்ச்சல் குறையாமல், ஏரி மதகைத் தாழ்த்திய மாத்திரத்தில் குறைவது போன்ற நியாயம் இது. 2005-இல், உயிருள்ள கிருமியிலேயே அந்த நொதிகளைக் குறைத்துப் பார்த்தபோது, உபரி மெய்தான் என்றும், ஆனால் கணக்கு சொன்ன அளவுக்கு இல்லையென்றும் தெரிந்தது. தாங்கள் அமைத்த மாதிரியின் குறையைத் தாங்களே அளந்து வெளியிட்ட அந்த நேர்மையை, அவர்களுடைய முடிவுக்குச் சமமாகவே நான் மதிக்கிறேன்.

ஆயினும் என் மனத்தை மிகவும் ஈர்ப்பது, 2000-இல் அதே மாதிரியிலிருந்து வெளிப்பட்ட வேறொரு விஷயம். மற்ற பல உயிரணுக்களில் விளைபொருள் பெருகும்போது முதற்படிகள் தாமே அடங்கும். இக்கிருமியின் ஹெக்ஸோகைனேஸுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லாமையால், கிளைகோஸோமின் சுவர் மட்டும் இல்லையென்றால் முதற்படிகள் வரம்பின்றி ஓடி, சர்க்கரை பாஸ்பேட்டுகள் குவிந்து, கிருமி தன் உணவினாலேயே அழியும். ஆகவே அந்த அறைக்குள் நொதிகள் சென்று சேர்வதைத் தடுப்பதும் சிகிச்சைக்கு ஒரு வழியாகலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 2017-இல், அந்தப் பிரவேசத்துக்குத் துணைபுரியும் பெக்ஸ்-14 என்ற புரதத்தைத் தடுக்கும் சேர்மங்கள் டிரிபனோஸோம்களைக் கொல்வதை ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நோயூட்டப்பட்ட சுண்டெலிகளின் ரத்தத்திலும் கிருமியின் தொகை குறைந்தது.