சோடிய வேக ஈனுலைகளில் வெப்பநிலை அளவீடு

சோடிய வேக ஈனுலைகளில் வெப்பநிலை அளவீடு என்பது உருகிய சோடியத்தைக் குளிர்விப்பானாகக் கொண்ட அணு உலைகளின் பல்வேறு பகுதிகளில் வெப்பநிலையை அளத்தல், அளக்க இயலாத இடங்களில் அதைக் கணித்தல் ஆகியவற்றைக் குறிக்கும். இந்தியாவில் இத்துறையின் மையம் சென்னைக்குத் தெற்கே உள்ள கல்பாக்கம் ஆகும். இங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் சோதனை வேக ஈனுலை 18 அக்டோபர் 1985 அன்று முதன்முறையாகத் தொடர்வினை நிலையை எட்டியது. 500 மெகாவாட் மின்திறனுக்கு வடிவமைக்கப்பட்ட முன்மாதிரி வேக ஈனுலையில் உள்ளகத் தொகுதிகளை ஏற்றும் பணி 4 மார்ச் 2024 அன்று தொடங்கியது.

சூழலின் கடுமை

சோடியம் ஏறத்தாழ 98 பாகை செல்சியசில் உருகி, 883 பாகையில் கொதிக்கிறது. முன்மாதிரி உலையில் அது 397 பாகையில் உள்ளகத்தினுள் நுழைந்து 547 பாகையில் வெளியேறுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. உருகிய சோடியம் ஒளிபுகாதது. எனவே உள்ளே நடப்பதைக் கண்ணால் காண வழியில்லை. சூடான சோடியம் காற்றுப் பட்டால் எரியும். நீருடன் கடுமையாக வினைபுரியும். இவற்றுடன் நியூட்ரான் கதிர்வீச்சும் சேர்ந்துகொள்வதால், பழுதான உணரியை மாற்றுவது எளிய வேலையன்று.

வெப்ப மின்னிரட்டை

இவ்வுலைகளில் பெரிதும் பயன்படுவது கே வகை வெப்ப மின்னிரட்டை (தெர்மோகப்பிள்) ஆகும். குரோமெல், அலுமெல் என்னும் இரு உலோகக் கலவைக் கம்பிகள் மக்னீசியம் ஆக்சைடுத் தூளில் பொதிந்து, துருவேறா எஃகு உறைக்குள் வைக்கப்படுகின்றன. இதன் அடிப்படையான சீபெக் விளைவு 1821இல் கண்டறியப்பட்டது. ஒரு பாகை வேறுபாட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மட்டுமே.

மின்னழுத்தம் கம்பிகள் இணையும் முனையில் தோன்றுகிறது என்று பாடநூல்கள் சிலவற்றைப் படிப்போர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. வெப்பநிலை மாறிச்செல்லும் கம்பியின் நீளம் முழுவதிலும் அது தோன்றுகிறது. ஆகவே முனை நன்றாக இருந்தும், இடையில் கம்பியின் இயல்பு மாறியிருந்தால் அளவீடு பிழைபடும். கே வகைக் கம்பிகளில் ஏறத்தாழ 250 முதல் 600 பாகை வரையிலான வெப்பநிலையில் அணுக்களின் ஒழுங்கமைவு மாறுவதால் சில பாகைகள் வரை விலகல் ஏற்படலாம். சோடிய உலைகள் இயங்குவதும் இதே எல்லையில்தான் என்பது ஓர் இக்கட்டு.

அந்தச் சில பாகைகளின் விலையைக் கணக்கிட்டு அறியலாம். முன்மாதிரி உலையின் வெப்பத்திறன் 1250 மெகாவாட்; நுழைவாய்க்கும் வெளிவாய்க்கும் இடையிலான வேறுபாடு 150 பாகை. இவ்வேறுபாட்டை அளப்பதில் ஒரு பாகை பிழைத்தால், கணிக்கப்படும் வெப்பத்திறனில் ஏறத்தாழ 8 மெகாவாட் பிழை நேரும்.

காலத்தாழ்வு

எந்த உணரியும் உடனடியாகக் காட்டுவதில்லை. திடீர் மாற்றத்தின் 63 விழுக்காட்டைக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் கால மாறிலி எனப்படும். சீராக உயரும் வெப்பநிலையில், உணரி காட்டும் அளவு உண்மையைவிட, உயரும் வீதத்தையும் கால மாறிலியையும் பெருக்கிய அளவுக்குப் பின்தங்கும். எடுத்துக்காட்டாக, நொடிக்கு 10 பாகை உயரும்போது கால மாறிலி 5 நொடி எனில், காட்டப்படும் அளவு 50 பாகை குறைவாக இருக்கும். தடித்த உறை உணரியைக் காக்கும். ஆனால் அதை மந்தமாக்கும்.

இத்தாழ்வு ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த ஃபெர்மி-1 உலை சான்று. 5 அக்டோபர் 1966 அன்று, கழன்ற சிர்க்கோனியத் தகடு ஒன்று சோடிய ஓட்டத்தைத் தடுத்ததால் இரு எரிபொருள் தொகுதிகள் பகுதியளவு உருகின. உலையின் சராசரி வெப்பநிலை இத்தகைய தடையை மறைத்துவிடும். இதனாலேயே முன்மாதிரி உலையில் எரிபொருள் தொகுதிகளின் வெளிவாய்கள் தனித்தனியே கண்காணிக்கப்படுகின்றன. அளவீடுகளை மூன்று கணினிகள் ஆராய்கின்றன. அவற்றுள் இரண்டு ஒத்துரைத்தால் உலை தானே நிறுத்தப்படும்.

கணித்தலும் மாதிரிகளும்

அருகருகே உள்ள தொகுதிகளிலிருந்து வெவ்வேறு வெப்பநிலையில் வெளிவரும் சோடியத் தாரைகள் கலக்கும்போது, மேலுள்ள எஃகுப் பரப்புகள் மாறிமாறிச் சூடாகிக் குளிர்கின்றன. இது நாளடைவில் உலோகத்தில் விரிசலை உண்டாக்கும். சோடியம் நீரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வெப்பம் கடத்துவதால் இந்த ஏற்றத்தாழ்வு எஃகினை அதிகம் மட்டுப்படாமல் சென்றடைகிறது.

கல்பாக்கத்தில் சம்ராட் என்னும் நான்கில் ஒரு பங்கு அளவிலான நீர் மாதிரி அமைக்கப்பட்டு, சோடிய ஓட்டத்தின் போக்கு ஆராயப்பட்டது. ஓட்டத்தை நீர் நன்கு ஒத்துக்காட்டும். வெப்பப் பரவலை அவ்வாறு காட்டாது. ஆகையால் நீர் ஆய்வு, கணினிக் கணிப்பு, உண்மையான சோடியச் சுற்று ஆகிய மூன்றும் தேவைப்படுகின்றன.

மொஞ்சு விபத்து

அளக்கும் கருவியே விபத்துக்குக் காரணமான நிகழ்வும் உண்டு. 8 டிசம்பர் 1995 அன்று சப்பானின் மொஞ்சு உலையில், இரண்டாம் சுற்றுக் குழாயினுள் நீட்டியிருந்த வெப்ப மின்னிரட்டையின் பாதுகாப்புக் குழல் முறிந்தது. அதன் விட்டம் ஓரிடத்தில் திடீரெனக் குறைந்திருந்தது. சோடிய ஓட்டம் எழுப்பிய அதிர்வினால் அந்தப் படியில் உலோகம் அயர்ந்து ஒடிந்தது. ஏறத்தாழ 640 கிலோகிராம் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. முதலில் ஒலித்தது வெப்பநிலை மிகுதி என்னும் எச்சரிக்கையே. ஆயினும் உலை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்தே நிறுத்தப்பட்டது. இரண்டாம் சுற்றுச் சோடியம் ஆதலால் கதிரியக்கப் பொருள் வெளியேறவில்லை. 2010இல் மீண்டும் இயக்கப்பட்ட அவ்வுலையைக் கைவிடுவதென 2016இல் முடிவாயிற்று.

உறைநிலையைக் கண்காணித்தல்

குறைந்த வெப்பநிலையும் இவ்வுலைகளில் இடர் தருவதே. சோடியத்தை நிரப்புமுன் குழாய்கள் மின்சூடேற்றிகளால் உருகுநிலைக்கு மேல் சூடாக்கப்படுகின்றன. குழாய்களின் வெளிப்பரப்பில் பொருத்திய மின்னிரட்டைகள் இதைக் கண்காணிக்கின்றன. உருகும்போது சோடியம் ஏறத்தாழ 2.7 விழுக்காடு விரிவடையும். இருபுறமும் உறைந்து கிடக்க நடுப்பகுதி மட்டும் உருகினால் குழாய் பிளக்கக்கூடும். ஆகவே விரிவடைய இடமுள்ள முனையிலிருந்தே உருக்கத் தொடங்குவர்.