யாழின் போர்வைத்தோல்: பச்சையும் பதனிட்ட தோலும்

ஆற்றுப்படை நூல்களைப் பாடஞ் சொல்லுங்கால் யாழின் வருணனையை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். பத்தர், போர்வை, திவவு, நரம்பு என்னும் உறுப்புக்கள் மாணாக்கர்க்குப் பெயரளவில் அறிவிக்கப்படுகின்றன. பின்னர்ப் பாணனது வறுமைக்கும் வள்ளலது கொடைக்கும் சென்றுவிடுகின்றோம். விபுலாநந்த அடிகளாரின் யாழ்நூல் 1947ஆம் ஆண்டு வெளிவந்த பின்னர், நரம்பும் பண்ணும் பற்றிய ஆராய்ச்சி நன்கு வளர்ந்தது. பத்தரை மூடிய தோல் பற்றிய ஆராய்ச்சி அத்துணை வளரவில்லை. அத்தோல் பதனிட்டதா, பதனிடாததா என்னும் வினா மிகச் சிறியது. ஆயினும் அதற்கு விடை காணின், பத்துப்பாட்டுள் மூன்று பாட்டுக்களில் வரும் உவமைகள் புதிய பொருத்தம் பெறுகின்றன.

இவ்வினா எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று. ஓய்வு நேரங்களில் தோலில் சிறு பொருள்கள் செய்வது சில ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. ஏட்டுறைகளும் கண்ணாடிக் கூடுகளும் பணப்பைகளும் செய்து, அவற்றின்மேல் கொடியும் பூவும் அழுத்தி, சாயமிட்டு, விளிம்பைத் தேய்த்து மெருகிட்டு நண்பர்க்கு வழங்குவேன். இவ்வேலைக்கு எல்லாத் தோலும் உதவா. மரப்பட்டையால் பதனிட்ட தோலே வேண்டும். அதனை நீரால் சற்றே நனைத்து, மழுங்கிய எலும்பாலோ உலோகக் கருவியாலோ அழுத்தின், அழுத்திய வடிவம் உலர்ந்த பின்னும் அவ்வாறே நிற்கும். குரோமிய உப்பால் பதனிட்ட மென்தோல் அவ்வாறு வடிவு கொள்ளாது. சாந்திநிகேதனத்தில் அழுத்துவேலையும் வண்ணவேலையும் செய்து விற்கும் பைகளுக்கும் பட்டையால் பதனிட்ட ஆட்டுத்தோலே பயன்பட்டு வருகின்றது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையால் பதனிட்டுக் கடல் கடந்து விற்ற இவ்வகைத் தோலுக்குக் கிழக்கிந்தியத் தோல் என்பது வணிகர் இட்ட பெயர். பிற்காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தைத் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை பெரிதும் கைப்பற்றிக்கொண்டது.

பதனிடுதல் என்பது யாது என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறல் வேண்டும். இல்லையேல் மேல்வரும் சொல்லாராய்ச்சி விளங்காது. உரித்த தோலினின்று மயிரையும் ஊனையும் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்தினால், அது வன்மையுடையதாய், ஒளி ஊடுருவுவதாய், தட்டினால் ஒலிப்பதாய் அமையும். ஆனால் நீரில் ஊறின் மீண்டும் நெகிழ்ந்து, நாளடைவில் அழுகும். இதுவே பச்சைத்தோல். அதே தோலைத் துவர்ப்புள்ள பட்டைநீரில் பல நாள் ஊறவைத்தால், பட்டையின் சத்துத் தோலின் நார்களோடு பிணைந்துகொள்ளும். பின்னர் அத்தோல் எளிதில் அழுகாது, உலர்ந்தாலும் வளையும், ஆனால் ஒளி ஊடுருவாது, ஒலியும் மங்கும். பாக்கை மென்றவுடன் நாவில் தோன்றும் சுருக்கமும் இவ்வினையும் ஓரினத்தனவே. துவர் என்னும் தமிழ்ச்சொல் ஒருபால் அச்சுவையையும், மற்றொருபால் செந்நிறத்தையும், பாக்கையும் குறித்து வருதல் அகராதிகளிற் காணலாம். பட்டைநீரில் தோய்ந்தவை சிவத்தலைக் கண்ணாற் கண்டவர் வழக்கிலிருந்தே இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் ஒன்றியிருத்தல் கூடும் என்பது என் கருத்து.

பதனிட்ட தோலையும் பச்சைத்தோலையும் வேறுபிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பழைய இரும்பாணியைப் புளித்த காடியில் சில நாள் இட்டு, அந்நீரை ஒரு துளி தோலில் விடுக. பட்டையால் பதனிட்ட தோலாயின் அவ்விடம் நொடியிற் கருக்கும். பச்சைத்தோலாயின் அவ்வாறு கருக்காது. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுமை காய்ச்சியதும் இம்முறையே.

இனி நூல்களுக்கு வருவாம். யாழின் போர்வையைக் கூறும் ஆற்றுப்படைகள் அதனைப் பச்சை என்னும் சொல்லாற் குறிக்கின்றன. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் விளக்கின் சுடர் போன்ற நிறமுடைய, இழுத்துக் கட்டப்பட்ட பச்சை என்கின்றார். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், வேனிலில் இலையுதிர்த்து நின்ற பாதிரியின் பெருமலரை நடுவே பிளந்தால் தோன்றும் உட்புறத்தை ஒப்ப நிறம் ஊட்டப்பெற்ற பச்சை என்கின்றார். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார்க்கோ அது புதிதாகப் போர்த்த, பொன் போன்ற பச்சை. மூவரும் வெவ்வேறு வள்ளலைப் பாடிய வெவ்வேறு புலவர். ஆயினும் சொல் ஒன்றே.

பச்சை என்பது தோலின் மறுபெயரே. எதுகை மோனை நோக்கிப் புலவர் அதனை ஆண்டனர் என்று கூறி அமைதல் எளிது. நானும் முதலில் அவ்வாறே கருதினேன். ஆனால் முரசு பற்றிய இரண்டிடங்களை ஒப்புநோக்கியபோது அக்கருத்து நிற்கவில்லை. புறநானூற்று 288ஆம் பாட்டில், ஒன்றோடொன்று பொரவிட்ட இரண்டு ஏறுகளுள் வென்றதன் பச்சை, மயிர் சீவாமலே முரசிற்குப் போர்க்கப்படுகின்றது. மதுரைக்காஞ்சியிலும் கொல்லேற்றின் தோல் சீவாது போர்த்த முரசம் வருகின்றது. ஆண்டுப் புலவர் ஆள்வது பைந்தோல் என்னும் சொல். பச்சையும் பைந்தோலும் ஒரே பொருளை ஒரே வினையோடு சார்ந்து நிற்கின்றன. பசுமை என்பது இங்கு நிறமன்று; உரித்தவாறே உள்ள, பக்குவம் செய்யாத நிலை. அன்றியும், சீவாது என்று எதிர்மறையால் சிறப்பித்துக் கூற வேண்டியிருந்தமையின், சீவிப் போர்த்தலே பொதுவழக்கு என்பதும் பெறப்படும். ஏற்றின் வீறு முரசில் நிற்க வேண்டும் என்பதற்காகவே மயிர் விடப்பட்டது. யாழிற்கு அவ்வீறு வேண்டா. ஆண்டு மயிர் நீக்கப்பட்டு, நிறம் ஊட்டப்பட்டது.

ஒலிக்கருவி நோக்கியும் இதுவே பொருந்தும். பதனிட்ட தோல் நெகிழும் இயல்பினது; இழுத்துக் கட்டினும் சில நாளில் தளர்ந்துவிடும். பச்சைத்தோல் ஈரத்தோடு போர்த்தப்பட்டு, உலருந்தோறும் தானே இறுகும். பொருநராற்றுப்படை கூறும் விசித்தல் என்னும் வினை இவ்விறுக்கத்தையே காட்டுகின்றது.

விளக்கின் சுடர் என்னும் உவமை என்னை நெடுநாள் தடுத்து நிறுத்தியது. செந்நிறம் கூறப் புலவர்க்கு உவமைகள் பல உள, சுடர் எதற்கு? தோற்பாவைக் கூத்தின் பாவைகளைத் திரைக்குப் பின்னே நின்று கண்டவர்க்கு இதன் விடை எளிதில் தோன்றும். அப்பாவைகள் பதனிடாத ஆட்டுத்தோலால் ஆனவை. மயிர் நீக்கி மெலிதாக்கி உலர்த்திய அத்தோலில் வண்ணமிட்டு விளக்கின்முன் பிடிப்பர். வண்ணம் தோலின்மேல் இருப்பதாகத் தோன்றாது, தோலுக்குள்ளிருந்து ஒளிர்வதாகத் தோன்றும். பதனிட்ட தோலில் இதனைக் காண இயலாது. யாழின் பின்னே விளக்கில்லை என்பது உண்மையே. எனினும் மெல்லிய பச்சைத்தோலில் ஊறிய நிறத்திற்கு ஓர் உள்ளொளி உண்டு. புலவர் கண்டது அதனையே போலும்.

இதனைச் செய்து பார்க்கவும் முயன்றேன். மயிர் நீக்கிய ஆட்டுப் பச்சைத்தோல் துண்டுகள் இரண்டு கொண்டு, பதிமுகக் கட்டையைக் காய்ச்சிய நீரில் சிறிது படிகாரம் சேர்த்து நிறம் ஊட்டினேன். உலர்ந்த துண்டின்மேல் பூசிய சாயம் மேற்பரப்பிலேயே திட்டுத்திட்டாக நின்றது. ஊறவைத்த துண்டோ சாயத்தைக் குடித்தது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நிறத்தைப் பூசினான் என்னாது ஊட்டினான் என்னும் நம் வழக்கு எத்துணைச் செவ்விது என்பதை அன்று உணர்ந்தேன். அடிக்குச் செம்பஞ்சு ஊட்டுதலும் இவ்வழக்கே. ஆயின் ஊறிய துண்டிலும் நிறம் ஒருசீராக இல்லை. மயிர்க்கால்கள் இருந்த இடங்கள் சற்றே கருத்தும், முதுகுப்பகுதி அடர்ந்தும், வயிற்றுப்பகுதி வெளுத்தும், வரிவரியாக உலர்ந்தது. முதலில் இதனைக் குறையாகவே எண்ணினேன். பின்னர்ப் பெரும்பாணாற்றுப்படையின் உவமையை மீண்டும் படித்தேன். உருத்திரங்கண்ணனார் பாதிரிப்பூவின் நிறம் என்று கூறி நிறுத்தவில்லை. அதனைப் பிளந்து உட்புறம் காட்டுகின்றார். குழல் வடிவினதாகிய அம்மலரின் உள்ளிடம் ஒரே நிறமாக இராது. மஞ்சளும் சிவப்புமாக வரிகள் ஓடிக்கிடக்கும். உவமை நிறத்திற்கு மட்டுமன்று, நிறத்தின் ஒழுங்கின்மைக்கும் ஆகும்.

மலைபடுகடாத்தின் பொன்னிறம் பற்றி வேறோர் எண்ணமும் எழக்கூடும். பட்டையால் பதனிட்ட தோல் புதிதில் இளம்பொன் நிறமாக இருந்து, வெயில் படப்படச் செந்நிறம் கொள்ளும். அதனைத் தடுக்கவே கிழக்கிந்தியத் தோல் செய்வோர் இறுதியில் கடுக்காய் நீரில் தோய்ப்பர். புலவர் புதிதாகப் போர்த்தமையை எடுத்துக் கூறுவதால், அது பதனிட்ட தோலோ என ஐயுறலாம். மேற்கூறிய காரணங்களால் இவ்வையம் வலியுடையதன்று. புதிய பச்சைத்தோலும் உலர்ந்த புதிதில் பொன்மஞ்சளாகவே இருக்கும். கை பட்டும் புகை பட்டும் பழகிய பின்னரே மங்கும்.

நிறத்தினும் வியப்புடையது தையல். பத்தரின்மேல் தோலின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தைத்த இடத்தைப் பொல்லம் என்பர். பொருநராற்றுப்படை இதற்குக் கூறும் உவமை, சூல் கொண்ட செய்தியைப் பிறர் இன்னும் அறியாத இளம்பெண் ஒருத்தியின் சிவந்த வயிற்றில் மெல்லிதாக ஒழுகும் மயிர்வரி. மலைபடுகடாமும் சிறு வேறுபாட்டோடு மயிரொழுங்கையே உவமிக்கின்றது. இவ்வுவமையை மென்மை குறித்ததாகவே பலரும் கொள்வர். தைத்துப் பார்த்தவர் வேறொன்றும் காண்பர். பச்சைத்தோலை ஈரத்தில் தைத்தால், உலரும்போது துளைகள் இறுகி நரம்பைக் கவ்விக்கொள்ளும்; ஓரங்கள் ஒன்றையொன்று நெருங்கித் தனித்தனிப் புரிகள் மறைந்து, சற்றே புடைத்த ஒரு வரி மட்டும் எஞ்சும். நிறமும் அவ்வரியில் சிறிது மிகுதியாகத் தங்கும். புடைத்த பத்தர், இறுகிய தோல், நடுவே மெல்லிய கருவரி: மூன்றும் சேர்ந்தே சூல்வயிறு ஆகின்றன. நல்ல தையலின் இலக்கணத்தை இதனினும் செம்மையாக யான் எங்கும் படித்ததில்லை.

இத்தையலைச் செய்தவர் யார்? பாணனே தன் யாழைப் போர்த்தானா, பிறர் செய்து தந்தனரா என்பதை ஆற்றுப்படைகள் கூறவில்லை. சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை எண்ணுமிடத்தில் துணி தைப்பாரோடு தோல் தைப்பாரையும் சேர்த்துரைக்கின்றது. அங்கே இழிவு குறிக்கும் அடை எதுவும் இல்லை. புறநானூற்றில் நிலை வேறு. போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடிய 82ஆம் பாட்டில் கட்டிலுக்கு வார் பிணிக்கும் ஒருவன் வருகின்றான். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, அவன் மனைவி மகப்பேற்றில் இருக்கின்றாள், மழை பெய்கின்றது, ஞாயிறும் சாய்கின்றது. அவன் கையிலுள்ள ஊசி வாரைச் செலுத்தும் விரைவினும் விரைந்து முடிந்தது மன்னனின் மற்போர் என்கின்றார் புலவர். உவமைக்கு அவன் கைத்திறனே வேண்டும். ஆனால் அவனைச் சுட்டும் சொல் இழிசினன் என்பது. மன்னன் பெயர் நமக்குத் தெரியும், புலவர் பெயரும் தெரியும்.

பாட்டில் வரும் மழையை அவன் விரைவுக்குரிய காரணங்களுள் ஒன்றாக மட்டும் எண்ணிச் செல்வது வழக்கம். கட்டில் வார், ஈரத்தில் இழுத்துப் பிணித்து வெயிலில் உலர்ந்து இறுக வேண்டியது. மழையில் பிணித்த வார் உலராது. ஞாயிறும் மறைந்தபின் விடியுமட்டும் இறுகாது. இறுகாத கட்டிலில் படுத்தால் அது தொய்ந்துவிடும். விழாவும் மனைவியின் நோவும் அவனை வீட்டிற்கு அழைக்கின்றன; மழையோ செய்த வேலையையே அவிழ்க்கின்றது. ஆதலின் அவன் இன்னும் வலிந்து இழுக்கவும், இன்னும் நெருக்கித் தைக்கவும் வேண்டும். அதனையும் விரைந்து செய்ய வேண்டும். சாத்தந்தையார் அந்தக் கையை அருகில் நின்று பார்த்திருக்கின்றார் என்றே தோன்றுகின்றது.