பேய்க்கதையும் பிரதேச வரலாறும்

கிழக்கிலங்கையின் பேய்க்கதைகளைத் தொகுத்து நூலாக்க வேண்டும் என்ற ஆர்வம் எம்மவரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. நல்ல ஆர்வந்தான். ஆனால், தொகுக்கப் புறப்படுபவர் முதல் நாளே ஒரு சிக்கலுக்கு முகங்கொடுக்க வேண்டியிருக்கும். கதை சொல்பவர் சொன்னபடியே எழுதுவதா? அல்லது வரலாற்றைத் தேடிப் பார்த்துத் திருத்தி எழுதுவதா? முன்னதைச் செய்தால் பொய் வரலாறாகிவிடும் என்கிறார்கள். பின்னதைச் செய்தால் கதை செத்துவிடும் என்கிறார்கள். கிளிவெட்டியில் இருந்துகொண்டு இதைப் பற்றிச் சிந்திக்கும்போது, விடைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எமது கொட்டியாரப் பற்றிலேயே அதற்கு ஓர் ஆசான் அகப்படுகிறான்.

1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவில் வந்து நின்றது. கரையிறங்கியவர்களைக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். அவர்களுள் ஒருவன் இளைஞனான ரொபேர்ட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் சிறையிருந்து, 1679இல் அரிப்பில் ஒல்லாந்தரிடம் தப்பிச் சேர்ந்தான். 1681இல் இலண்டனில் வெளியான அவனது இலங்கை பற்றிய நூலில் பேயைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. இரவில் பிசாசு கூவும் குரலை, நாய் குரைப்பதை ஒத்த கீச்சென்ற ஒலியைத் தானே பலமுறை கேட்டதாக எழுதுகிறான். அக்குரலால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தான் கேள்விப்படவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறான்.

இக்குறிப்பிலுள்ள நேர்மையைக் கவனியுங்கள். தான் கேட்டது ஒன்று, அதற்கு ஊரார் தரும் விளக்கம் இன்னொன்று, தீங்கு நேர்ந்ததா என்பது வேறொன்று. மூன்றையும் அவன் ஒன்றாகக் கலக்கவில்லை. 'உலமா' என்று சிங்கள மக்கள் அழைக்கும் பேய்ப்பறவையின் குரலே அது எனப் பின்வந்தோர் கருதினர். பறவையியலாளர் பலர் அதனை ஒரு பெரிய காட்டாந்தை என்பர். மக்களோ, கணவனின் சந்தேகத்தால் குழந்தையைப் பறிகொடுத்துக் காட்டுக்குள் ஓடிய ஒரு தாயின் ஓலம் அது என்பர். ஆந்தை என்று அறிந்துகொண்டதால் அந்தத் தாயின் கதை பொய்த்துப் போகிறதா? இல்லை. ஒலி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆந்தை விடை. அதைக் கேட்டவர் நெஞ்சில் எந்தத் துயர் இருந்தது என்பதற்குக் கதை விடை. இரண்டும் அடுத்தடுத்து நூலில் இருக்கட்டும்.

இதற்கு மாறான உதாரணம் குடாவின் மறுகரையில் இருக்கிறது. திருகோணமலைச் சுவாமிமலை உச்சியில் பிரான்சினா வான் ரீட் என்னும் ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் 1687ஆம் ஆண்டும் பொறித்த தூண் ஒன்று உண்டு. காதலன் கைவிட்டுக் கப்பலேறிச் செல்ல, அவள் அப்பாறையிலிருந்து கடலில் குதித்து மாண்டாள் என்பது கதை. 'காதலர் பாய்ச்சல்' என்ற பெயரே அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமெர்சன் தெனன்ற் இக்கதையை எழுதியபோது, அவள் பின்னரும் உயிரோடிருந்து மணம் புரிந்ததைக் காட்டும் ஒல்லாந்தர் ஆவணம் ஒன்று கொழும்பில் உள்ளதையும் குறிப்பிட வேண்டியதாயிற்று. அவளை வளர்த்த தந்தை எனக் கருதப்படும் ஹென்றிக் வான் ரீட், மலையாளக் கரையின் தாவரங்களைப் பற்றிப் பன்னிரண்டு பாகங்களில் நூல் செய்வித்த பெருமகன். 1691இல் கடற்பயணத்தில் இறந்து சூரத்தில் அடக்கமானவர்.

ஆவணம் சொல்வதைக் கேட்டவுடன் கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால், அத்தூண் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அது பழைய கோணேசர் கோயிலின் தூண் என்றே கொள்ளப்படுகிறது. அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். ஒரு பெண்ணின் காதல் கதையைக் கேட்டு உருகும் உல்லாசப் பயணி, தன் முன்னே நிற்கும் கல் எந்தக் கோயிலைத் தாங்கியது என்று கேட்பதில்லை. அழகான பொய்யொன்று பெரிய உண்மையொன்றை மறைத்து நிற்பது இவ்வாறுதான். தொகுப்பாசிரியர் விழிப்பாயிருக்க வேண்டிய இடமும் இதுவே.

கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் பூதங்களைக் கொண்டு கட்டினான் என்பது எங்கள் பக்கத்துக் கதை. பாளி நூல்கள் அக்குளத்தோடு அநுராதபுரத்து மன்னர்களின் பெயரைச் சேர்க்கின்றன. எது சரியென்று சண்டையிடுவதற்குப் பேய்க்கதை நூல் இடமன்று. அத்தனை மண்ணை மனிதக் கைகள் சுமந்திருக்குமா என்று வியந்த தலைமுறைகளின் மலைப்பே பூதமாகியது. அந்தக் கட்டு 1986 ஏப்ரலில் உடைத்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. குளக்கட்டைக் காவல்செய்ய ஏன் ஒரு தெய்வம் தேவைப்பட்டது என்பது அன்று விளங்கியது.

சூடு மிதிக்கும் களத்திலும் இதே பூதங்கள் வரும். நெல்லைப் பூதம் அள்ளிக்கொண்டு போய்விடாமலிருக்க, எங்கள் கமக்காரர் களத்தில் வழக்கமான சொற்களைத் தவிர்த்து வேறு சொற்களில் பேசுவர். நெல்லைப் 'பொலி' என்பர். பூதத்தைக் கேலிசெய்து ஒதுக்கிவிட்டால் அந்தச் சொற்களும் போய்விடும். இயந்திரம் வந்த பின்பு அவை அருகி வருகின்றன. பேய்க்கதை தொகுப்பவர் காப்பாற்றக்கூடிய உண்மையான வரலாறு இது.

இறுதியாக, கிளிவெட்டியில் இருந்து பேசுகிறவன் சொல்லாமல் விட முடியாத ஒன்று. எங்கள் அயலூர் குமாரபுரம். 1996 பெப்ரவரி 11இல் அங்கே பெண்களும் சிறுவரும் உட்பட 24 பொதுமக்கள் படையினரால் கொல்லப்பட்டனர். வழக்கு இருபது ஆண்டுகள் இழுபட்டு, 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் எதிரிகள் அறுவரும் விடுதலையாயினர். இத்தகைய ஊரைப் பற்றி எவரேனும் நாளை 'இரவில் அழுகுரல் கேட்கிறது' என்று எழுதக்கூடும். எழுதுபவர் நல்லெண்ணத்துடனேயே எழுதலாம். ஆயினும், திகதியும் தொகையும் இல்லாமல், யார் செய்தார் என்பதும் இல்லாமல் அழுகுரல் மட்டும் அச்சாகுமானால், கொலை மறைந்து ஆவி மட்டும் எஞ்சும். ஆவியை எந்த நீதிமன்றமும் விசாரிக்காது. முந்நூறு ஆண்டுக்கும் மேல் முந்திய பிரான்சினாவுக்குக் கற்பனை செய்ததை, உறவினர் உயிரோடிருக்கும் இறந்தவருக்குச் செய்ய எமக்கு உரிமையில்லை.

ஆகவே தொகுப்பாளருக்கு நான் வேண்டுவன சில. கதையைச் சொன்னவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில் கேட்டது என்று குறியுங்கள். வரலாறு வேறாக இருந்தால் கதை முடிந்த பின் தனியே சொல்லுங்கள். அண்மைக் காலத்து மரணமென்றால் வரலாற்றை முதலில் சொல்லிவிட்டு, உறவினர் விரும்பினால் மட்டும் கதைக்குச் செல்லுங்கள். நொக்ஸ் ஒரு பக்கத்தில் செய்து காட்டியதை ஒரு நூல் முழுவதும் செய்வது கடினமே. அப்படிச் செய்த நூலைத்தான் எமது பிள்ளைகள் நம்பிப் படிப்பார்கள்.