குளிர்சாதனப் பெட்டியிலும் பெருகும் கிருமி: ஹாட் டாக், சாசேஜ்களைப் பாதுகாப்பாகச் சேமிப்பது எப்படி?

ஹாட் டாக், சாசேஜ் போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சி உணவுகள் இந்திய நகரங்களின் சூப்பர் மார்க்கெட்டுகளில் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. காற்றுப் புகாத உறையில் அடைக்கப்பட்டிருப்பதாலும், பெரும்பாலும் ஏற்கெனவே வேகவைக்கப்பட்டிருப்பதாலும், குளிர்சாதனப் பெட்டியில் எத்தனை நாள் வைத்திருந்தாலும் இவை கெடாது என்று பலர் கருதுகின்றனர். ஆனால், குளிரிலும் பெருகக்கூடிய பாக்டீரியா ஒன்று இவ்வகை உணவுகளில் இருக்க வாய்ப்புள்ளது. எனவே, இவற்றைக் குளிரில் வைப்பது எவ்வளவு அவசியமோ, எத்தனை நாட்களுக்குள் பயன்படுத்துகிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம்.

லிஸ்டீரியா: குளிருக்கு அடங்காத பாக்டீரியா

உணவு மூலம் நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான வெப்பநிலையில் பெருக முடிவதில்லை. 'லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ்' என்ற பாக்டீரியா இதற்கு விதிவிலக்கு. அந்தக் குளிரிலும் அது மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும்.

தொழிற்சாலையில் இறைச்சியை வேகவைக்கும்போது இந்தக் கிருமி அழிந்துவிடும். எனினும், வெந்த பிறகு உறையில் அடைப்பதற்கு முன்பாக, இயந்திரங்கள் மற்றும் மேற்பரப்புகளிலிருந்து அது மீண்டும் உணவில் ஒட்டிக்கொள்ளக்கூடும். உறைக்குள் சென்றது சிறிதளவே ஆனாலும், நாட்கள் கூடக் கூட அதன் எண்ணிக்கையும் கூடும். உணவின் நிறம், மணம், சுவை ஆகியவற்றில் எந்த மாற்றமும் தெரியாது என்பதே இதில் உள்ள பெரிய ஆபத்து.

இதன் விளைவுகள் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதைத் தென் ஆப்பிரிக்கா உணர்த்தியது. அங்கு 2017-18-ஆம் ஆண்டுகளில் பரவிய லிஸ்டீரியா தொற்றால் 1,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் பிறந்து 28 நாட்களுக்கு உட்பட்ட பச்சிளம் குழந்தைகள். 'போலோனி' என்று அழைக்கப்படும், வேகவைத்துப் பதப்படுத்தப்பட்ட இறைச்சி உணவே இதற்குக் காரணம் என்று 2018 மார்ச் மாதம் அந்நாட்டு அரசு அறிவித்தது. அதற்கு முன்பு, 1998-99-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் பரவிய இதே தொற்றுக்கு ஹாட் டாக் உள்ளிட்ட இறைச்சி உணவுகளே காரணமாக இருந்தன.

எத்தனை நாட்கள் வைக்கலாம்?

வேகவைத்த ஹாட் டாக்குகளுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை பரிந்துரைக்கும் கால அளவு வருமாறு:

• திறக்கப்படாத பாக்கெட்: குளிர்சாதனப் பெட்டியில் 2 வாரங்கள்
• திறக்கப்பட்ட பாக்கெட்: குளிர்சாதனப் பெட்டியில் 1 வாரம்
• ஃப்ரீசரில்: தரம் குறையாமல் 1 முதல் 2 மாதங்கள்

வேகவைக்கப்படாத பச்சை சாசேஜ்களைக் குளிர்சாதனப் பெட்டியில் 1 அல்லது 2 நாட்கள் மட்டுமே வைக்கலாம். வெந்ததா, பச்சையா என்பதை உறையில் உள்ள குறிப்பைப் படித்தே அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் இவை பெரும்பாலும் உறைந்த நிலையில், மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்து விற்கப்படுகின்றன. அவ்வாறு வாங்கியவற்றை வீட்டிலும் ஃப்ரீசரிலேயே வைக்க வேண்டும். உறைநிலை நீங்கிய பின் எத்தனை நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று உறையில் குறிப்பிடப்பட்டிருந்தால், அதையே பின்பற்ற வேண்டும். காலாவதி தேதி கடந்தவற்றைப் பயன்படுத்தக் கூடாது. பாக்கெட்டைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வைப்பது நல்லது.

கடையிலிருந்து வீடு வரை

சமைத்த இறைச்சி உணவுகளை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சுற்றுப்புற வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், இந்த அவகாசம் 1 மணி நேரமாகக் குறைகிறது. இந்தியக் கோடைக்காலத்தில் பெரும்பாலான ஊர்களுக்கு இந்த 1 மணி நேரக் கணக்கே பொருந்தும்.

எனவே, கடையில் மற்ற பொருட்களை எடுத்து முடித்த பிறகு, இறுதியாக இவற்றை எடுப்பது நல்லது. வெப்பத்தைத் தடுக்கும் பையில் வைத்து, நேராக வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். வெயிலில் நிறுத்தப்பட்ட வாகனத்தில் விட்டுச் செல்லக் கூடாது. உறை கிழிந்தோ, உப்பியோ இருந்தால் வாங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

எங்கே, எப்படி வைப்பது?

குளிர்சாதனப் பெட்டியின் கதவுப் பகுதி, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெப்பமடையும் இடமாகும். அங்கு வைக்காமல், உள்தட்டின் பின்பகுதியில் வைக்க வேண்டும். பல பெட்டிகளில் உள்ள 1, 2, 3 போன்ற எண்கள் வெப்பநிலையைக் குறிப்பவை அல்ல. உள்ளே 4 டிகிரிக்குள் இருக்கிறதா என்பதை, அதற்கென விற்கப்படும் தெர்மாமீட்டரை வைத்துச் சோதிக்கலாம்.

திறந்த பாக்கெட்டில் எஞ்சியவற்றை மூடியுள்ள டப்பாவுக்கு மாற்ற வேண்டும். பாக்கெட்டில் உள்ள நீரிலும் கிருமி இருக்கக்கூடும் என்பதால், அது பழங்கள், காய்கறிகள், பாத்திரங்கள் மீது சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிந்தினால் உடனே துடைத்துச் சுத்தம் செய்து, கைகளைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

உறைந்ததை இளக்கும் முறை

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததைச் சமையல் மேடையில் மணிக்கணக்கில் வைத்து இளக்குவது தவறு. நடுப்பகுதி உறைந்திருக்கும்போதே வெளிப்பகுதி கிருமிகள் பெருகும் வெப்பநிலையை எட்டிவிடும். முந்தைய நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவதே சிறந்த முறை. அவசரமெனில், நீர் புகாத உறையுடன் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, 30 நிமிடத்துக்கு ஒரு முறை நீரை மாற்றலாம். நீரிலோ மைக்ரோவேவ் அடுப்பிலோ இளக்கியதை உடனடியாகச் சமைத்துவிட வேண்டும்.

உறைநிலை கிருமிகளின் பெருக்கத்தை நிறுத்துமே தவிர, அவற்றை அழிக்காது. இளகிய பிறகு அவை மீண்டும் பெருகத் தொடங்கும்.

மின்தடை ஏற்பட்டால்

கதவைத் திறக்காதவரை, நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் குளிரைத் தக்கவைக்கும். குளிர்சாதனப் பகுதிக்கு 4 மணி நேரமே அவகாசம். ஃப்ரீசரில் இருந்தவற்றில் பனித்துகள்கள் எஞ்சியிருந்தால், அவற்றை மீண்டும் உறைய வைக்கலாம். 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்துக்கும் அதிகமாக இருந்தவற்றை அப்புறப்படுத்த வேண்டும். முகர்ந்தோ, சுவைத்தோ பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிசுபிசுப்பு, புளித்த வாடை ஆகியவை கெட்டுப்போனதற்கான அடையாளங்கள். ஆனால், அவை இல்லாததால் மட்டும் உணவு பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது.

யார் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்?

கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோர் ஹாட் டாக்குகளைக் குளிர்ந்த நிலையில் உண்ணக் கூடாது. உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டும் வரை, அதாவது ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கிய பிறகே உண்ண வேண்டும். இந்தச் சூட்டில் லிஸ்டீரியா அழிந்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கு இத்தொற்று லேசான காய்ச்சல், உடல்வலி போன்றே தோன்றலாம். ஆனால், கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், பச்சிளம் குழந்தைக்கு உயிருக்கு ஆபத்தான தொற்று ஆகியவற்றுக்கு அது காரணமாகக்கூடும். அறிகுறிகள் பெரும்பாலும் 2 வாரங்களுக்குள் தென்படும்; சிலருக்குப் பல வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம். ஆகவே, கர்ப்ப காலத்தில் காய்ச்சல் ஏற்பட்டால், அண்மையில் இவ்வகை உணவுகளை உண்டிருப்பின் அதனை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும். உரிய நேரத்தில் கண்டறியப்பட்டால், ஆன்டிபயாடிக் மருந்துகளால் இதற்குச் சிகிச்சை அளிக்க முடியும்.